அம்மாவுடன் திருவாரூர்: தேருக்குப் போவதா, சாதாரண நாளில் போவதா?

கோவைக்காரன்:

வணக்கம். இங்கே தஞ்சாவூர், திருவாரூர், நாகைப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி வலி வேறு. சின்ன வயதில் ஊர் ஓதுவாரிடம் தேவாரம் கற்றுக்கொண்டவர், அதிலும் சுந்தரர் என்றால் உயிர். ஆனால் சுந்தரர் குடித்தனம் பண்ணிய ஊரை மட்டும் இதுவரை சரியாகப் பார்த்ததில்லை. முன்பு ஒரு தடவை சுற்றுலா வண்டியில் போனபோது போகிற வழியில் இறக்கிவிட்டு, முக்கால் மணி நேரத்தில் வண்டிக்கு வந்துவிட வேண்டும் என்று விரட்டிவிட்டார்கள். அவ்வளவு பெரிய கோயிலில் முக்கால் மணி நேரத்தில் எதைப் பார்ப்பது? அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லி அங்கலாய்க்கிறார்.

இந்தத் தடவை நிதானமாக அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். ஆழித்தேர் அன்றைக்குத்தான் போக வேண்டும் என்று அம்மா, அந்தக் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம் என்று மனைவி, நடுவில் நான். எது சரி?

அப்புறம் இன்னொன்று. கோயிலுக்குப் பேர் தியாகராஜர் கோயில், மூலவர் வன்மீகநாதர் என்று போட்டிருக்கிறது. தியாகராஜருக்கு முகம் மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் மூடியே இருக்கும் என்கிறார்கள். ஏன் அப்படி? யூடியூபில் தேடினால் ஆளுக்கொரு ரகசியம் சொல்கிறார்கள், கேட்டுக் கேட்டுத் தலை சுற்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஆரூரான்:

நான் உள்ளூர்தான், அதனால் தேர் விஷயத்தை மட்டும் சொல்கிறேன், மற்றதற்கு இங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் தேதி. பங்குனி உத்திரத்தன்று தேர் என்று நினைத்துக்கொண்டு வந்து ஏமாறுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. இப்போதெல்லாம் தேர் பங்குனி ஆயில்யத்தில் ஓடுகிறது, உத்திரத்துக்கு நாலைந்து நாள் முன்னாடியே. 2023ல் ஏப்ரல் 1, 2024ல் மார்ச் 21, 2025ல் ஏப்ரல் 7. ஆக, டிக்கெட் போடுவதற்கு முன்னால் கோயிலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர் எப்படி இருக்கும் என்றால், மொத்த உயரம் 96 அடி. அடியில் இருக்கிற மரத்தேர் மட்டும் 30 அடி, அதுக்கு மேல் மூங்கிலும் சீலையுமாகக் கட்டுகிற அலங்காரம் 48 அடி, அதற்கு மேல் விமானம் 12, கலசம் 6. எடை சுமார் 300 டன் என்பார்கள். முன்னால் நாலு மரக்குதிரை பாய்கிற மாதிரி நிற்கும். இவ்வளவையும் வடம் பிடித்து நாலு வீதியும் சுற்ற வேண்டும். "ஆரூரா, தியாகேசா" என்று ஒரு சத்தம் எழும்பும், வடம் விறைக்கும், ஆனால் தேர் அசையாது. திரும்ப ஒரு சத்தம், அப்பவும் அசையாது. பின்னால் இருக்கிற புல்டோசர் ஒரு தள்ளுத் தள்ளினால்தான் அந்த முதல் நகர்வு வரும், அதைப் பார்த்தால் பக்தி இல்லாதவனுக்கும் மயிர்க்கூச்செறியும்.

வெளியூர்க்காரர்கள் தேர் நகர்வதைத்தான் படம் பிடிப்பார்கள். உள்ளூர்க்காரன் வீதி முனைக்குப் போய் நிற்பான். நேராக ஓட்டுவது பெரிய விஷயமில்லை சார், திருப்புவதுதான் வித்தை. முனையில் இரும்புத் தகட்டைப் பரப்பி, கிரீஸையும் எண்ணெயையும் கொட்டி, சக்கரத்தை அதன் மேல் ஏற்றி வழுக்கவிட்டுத் திருப்புவார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்களைக் கவனியுங்கள். சுழல்கிற சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, கட்டையை எந்தக் கோணத்தில் செருகினால் தேர் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டு வைப்பார்கள், அடுத்த நொடி கையை இழுத்துக்கொள்வார்கள். இப்போது இரும்பு அச்சு, ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தது இருக்கிறது, இருந்தாலும் முட்டுக்கட்டைக்கு வேலை போகவில்லை.

பழைய தேர் 1920களில் தீயில் எரிந்துபோய், புதுசாகச் செய்து 1930ல் ஓடியது. 1948க்குப் பிறகு ஓடாமல் நிலையிலேயே கிடந்தது, 1970ல் கருணாநிதி முதல்வராக இருந்தபோதுதான் மறுபடி ஓட்டினார்கள். அந்தக் காலத்தில் தேர் கிளம்பினால் நிலைக்கு வந்து சேர நாள்கணக்கில் ஆகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது காலையில் வடம் பிடித்தால் பெரும்பாலும் அன்றைக்கே நிலைக்கு வந்துவிடுகிறது.

உங்கள் அம்மாவுக்கு என் யோசனை: வீதியில் நிறுத்தாதீர்கள். நிற்க முடியாது, உட்கார முடியாது, தாகத்துக்குத் தண்ணீர் வாங்கப் போனால் திரும்பி வர வழி இருக்காது. நாலு வீதியில் எதிலாவது மாடி உள்ள வீட்டில் தெரிந்தவர் இருந்தால் தாராளமாக வாருங்கள், இல்லையென்றால் தேரோட்டத்துக்கு முந்தைய நாள் வந்து, முழு அலங்காரத்தோடு கீழவீதி நிலையில் நிற்கிற தேரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மரத்தேரில் இருக்கிற சிற்பத்தை அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்க்க முடியும்.


சாயரட்சை:

ஆரூரான் சொன்னது தேருக்குச் சரி. ஆனால் என்னைக் கேட்டால் தேரையே விடுங்கள், சாதாரண நாளில் ஒரு சாயங்காலம் வாருங்கள் என்பேன். சைவர்கள் வழக்கமாகச் சொல்வது உண்டு, தில்லையில் அர்த்தசாமம், ஆரூரில் சாயரட்சை என்று. அந்த நேரத்துக்குத் தேவர்கள் எல்லோருமே வந்துவிடுவதாக நம்பிக்கை. திருவந்திக்காப்பு என்று பேர். நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், காதுக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள்.

வேறு கோயில்களில் தவில், நாகஸ்வரம், அதுவும் ஆள் இல்லாத இடத்தில் கரண்டில் ஓடுகிற மணி மிஷின். திருவாரூருக்கென்றே தனியாக வாத்தியங்கள் உண்டு. பாரி நாயனம், சுத்த மத்தளம், கொடுகொட்டி, முகவீணை, எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சமுக வாத்தியம். பெரிய வெண்கலக் குடம், அதற்கு ஐந்து வாய், ஒவ்வொன்றிலும் தோல் கட்டியிருக்கும், நடுவில் உள்ளது மற்ற நாலையும்விடப் பெரிசு. சிவனுடைய ஐந்து முகம் என்று கணக்கு. வாய்க்கு வாய் நாதம் மாறும். அதை வாசிக்கிற உரிமை உள்ளவர்களுக்கு முட்டுக்காரர் என்று பேர், தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்து வழியில் வருகிற வேலை. ஆடுகிற உரிமையும் அப்படித்தான் இருந்தது. கொண்டி வழி என்று ஒரு பரம்பரையினர் தியாகராஜர் முன்னால் ஆடிவந்தார்கள். கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடுவதைத் தடுத்து 1947ல் வந்த சட்டத்தோடு கோயிலில் ஆட்டம் நின்றது. சட்டம் வந்தது சரிதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தப் பெண்களிடம் இருந்த குறவஞ்சியையும் பதத்தையும் அப்போதே உட்கார்ந்து முழுசாக எழுதிக்கொள்ள ஆள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது முகம் மட்டும் தெரிகிற விஷயம். தியாகராஜர் சோமாஸ்கந்த வடிவம், அதாவது சிவன், அம்பாள், நடுவில் குட்டி முருகன். நமக்குத் தெரிவது சுவாமி முகமும் அம்பாள் முகமும்தான். மற்றதெல்லாம் பட்டும் பூவுமாக மூடியிருக்கும். வருடத்தில் இரண்டே நாள் ஒரு பாதத்தை மட்டும் காட்டுவார்கள், மார்கழித் திருவாதிரையில் ஒன்று, பங்குனி உத்திரத்தில் மற்றொன்று. பாத தரிசனம் என்றால் இந்த ஊரில் அதுதான். அன்றாட அபிஷேகம்கூட அவருக்குக் கிடையாது, ஒரு சின்ன மரகத லிங்கத்துக்குத்தான். அதற்கு வீதிவிடங்கர் என்று பேர். காலையும் மாலையும் பெட்டியிலிருந்து எடுத்து அபிஷேகம் செய்துவிட்டு மறுபடி வைத்துவிடுவார்கள். பெட்டி திறக்கிற நேரத்துக்கு அங்கே இருந்தால் பார்க்கலாம், உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான், விளக்கு வெளிச்சத்தில் பச்சை தெரியும்.

ஏன் மூடி வைத்திருக்கிறார்கள் என்றால், அவரை ராஜாவாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பேரிலேயே ராஜா இருக்கிறது, சிங்காசனத்தில் உட்கார்ந்திருக்கிறார், மாலை என்றால் செங்கழுநீர், வெளியே கிளம்பினால் ஆட்டத்தோடுதான். ராஜாவை நினைத்த நேரத்தில் தலை முதல் கால் வரை பார்த்துவிட முடியுமா? முன்னால் இருக்கிற நந்தியைப் பாருங்கள். மற்ற ஊரில் படுத்திருக்கும். இங்கே எழுந்து நிற்கும்.


பரவையார்தெரு:

அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அஜபா நடனம் என்று பேர். திருமால் தன் மார்பில் வைத்து இவரைப் பூஜித்தார், அவர் மூச்சு ஏறி இறங்கும்போது மார்பில் இருந்த சுவாமியும் கூடவே ஏறி இறங்கி ஆடினார் என்பது கதை. இந்திரன் இவரைத் திருமாலிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். போரில் இந்திரனுக்கு உதவி செய்த முசுகுந்தச் சோழன் பதிலுக்கு இவரையே கேட்டான். கொடுக்க மனசில்லாத இந்திரன், அச்சு அசலாக இன்னும் ஆறு செய்து ஏழையும் வரிசையாக வைத்து, எது நிஜமோ எடுத்துக்கொள் என்றான். முசுகுந்தன் சரியானதைக் காட்டிவிட்டான், ஏழையுமே கொடுத்து அனுப்பினான் இந்திரன். நிஜமானவர் ஆரூரில், மற்ற ஆறு பேர் சுற்றுவட்டாரத்தில். அதுதான் சப்தவிடங்கத் தலம்.

சுவாமி வெளியே வரும்போது நீளமான தண்டுகளில் ஏற்றித் தோளில் சுமப்பார்கள். சுமக்கிறவர்கள் எல்லோரும் ஒரே தாளத்தில் பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்ந்து, கொஞ்சம் அமர்ந்து எழுந்து ஆட்டுவார்கள். வேகமே கிடையாது, மூச்சு விடுகிற கதிதான். தேருக்கு எழுந்தருளும்போதும் இந்த ஆட்டம் உண்டு. பெரிய தேரைப் பார்க்கிற ஆசையில் இதைத் தவறவிட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

அம்மாவுக்குச் சுந்தரர் பிடிக்கும் என்கிறீர்கள். அப்படியானால் சன்னிதியோடு நிற்காமல் கமலாலயக் குளத்துக்கு அழைத்துப் போங்கள். விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைச் சுந்தரர் எடுத்தது இந்தக் குளத்தில்தான். முதலில் கைக்கு அகப்படவில்லை, மனைவி பரவையார் கரையில் நின்றுகொண்டு கேலியாகப் பார்க்கிறார், பாடப் பாடப் பொன் வருகிறது. வந்தது மாற்றுக் குறையாத பொன்தானா என்று உரசிப் பார்த்துச் சொன்னவர் கரையிலேயே இருக்கிறார், மாற்றுரைத்த பிள்ளையார் என்று பேர். கணவன் சொல்வதை நம்பாமல் மூன்றாவது ஆள் வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது பாருங்கள், அதனால்தான் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் தேவாசிரிய மண்டபம். அடியார் கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடியது இங்கே. அந்தப் பாட்டு இல்லையென்றால் அறுபத்து மூவர் என்ற கணக்கே நமக்கு இல்லை, சேக்கிழாருக்கும் எழுதப் பட்டியல் கிடைத்திருக்காது. சுந்தரருக்கு இழந்த வலக்கண் பார்வை திரும்பக் கிடைத்ததும் இந்த ஊரில்தான், இடக்கண் காஞ்சிபுரத்தில் கிடைத்தது. பரவையார் கோபித்துக்கொண்டபோது சிவனே ராத்திரியில் இரண்டு தடவை தூது நடந்த வீதியும் இதுதான். உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், இடத்தைக் காட்டினால் அவரே பாட ஆரம்பித்துவிடுவார்.


கல்வெட்டுப்பித்தன்:

கதை எல்லாம் சரி, கல்லில் என்ன இருக்கிறது என்பதையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கோயிலில் பழையவர் வன்மீகநாதர், புற்றிடங்கொண்டார். புற்றே லிங்கமாக இருக்கிற இடம். அவருக்குத் தென்பக்கத்தில் தனிச் சன்னிதியில் இருப்பவர் தியாகராஜர். ஆக, மூலவர் யார் என்ற உங்கள் கேள்விக்குப் பதில், மூலவர் வன்மீகநாதர்தான், ஆனால் திருவிழா, தேர், வாத்தியம், மரியாதை எல்லாம் தியாகராஜரைச் சுற்றி. அப்பர், சம்பந்தர் காலத்திலேயே ஆரூர் பெரிய ஊர், அப்பர் தேவாரத்திலேயே ஆழித்தேர் வருகிறது. வீதிவிடங்கருக்கு, அதாவது தியாகராஜருக்கு, ராஜ மரியாதை ஏறிக்கொண்டே போனது சோழர் காலத்தில். முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அணுக்கியார், அதாவது ராஜாவுக்கு நெருக்கமானவர், பரவை நங்கை என்பவர் வீதிவிடங்கர் கோயிலைக் கல்லால் எடுத்துப் பொன் வேய்ந்ததைச் சொல்கிறது. இந்தப் பரவை வேறு, சுந்தரர் மனைவி பரவையார் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் கல்வெட்டில் ஒரு இடம் வரும், எப்போது படித்தாலும் நின்றுவிடுவேன். ராஜாவும் பரவை நங்கையும் சுவாமி கும்பிட நின்ற இடம் தெரிவதற்காக ஒரு குத்துவிளக்கு வைத்தார்களாம். கங்கை கொண்டவன், கடாரம் கொண்டவன், கூட யாரோடு நின்று கும்பிட்டான் என்பதை ஊரறிய விளக்கு வைத்துச் சொல்லியிருக்கிறான்.

அதே வளாகத்துக்குள் அசலேசுவரர் சன்னிதி இருக்கிறது, தேவாரத்தில் ஆரூர் அறநெறி என்று வருவது அதுதான், சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளியாக்கியது, அதாவது கல்லால் கட்டியது. அது தனிப் பாடல் பெற்ற தலம். கீழவீதியில் இருக்கிற பரவையுண்மண்டளியும் தனி. ஒரே ஊரில் மூன்று தலம், பாதிப் பேர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

தேவாசிரிய மண்டபத்துக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள். முசுகுந்தன் கதை முழுக்க விதானத்தில் ஓவியமாக இருக்கிறது, சிங்காதனம் என்ற ஓவியர் வேலை. முசுகுந்தனுக்குக் குரங்கு முகம், அதனால் கூட்டத்தில் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு காட்சிக்கும் கீழே யார், என்ன என்று தமிழில் எழுதியிருக்கிறது. திருவிழா ஊர்வலம், வாத்தியக்காரர்கள், வாணவேடிக்கை எல்லாம் அதில் உண்டு. கழுத்து வலிக்கும், பரவாயில்லை.


நிலாச்சோறு:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. எல்லோரும் தேர் வேண்டாம் என்றே சொல்கிறீர்கள். அம்மா கேட்பது தேரை. எழுபது வயதில் ஆசைப்பட்டுக் கேட்கிறவரிடம், சாயங்காலம் வாத்தியம் நன்றாக இருக்கும் வாங்க என்றால் எப்படி? மன்னார்குடி மதிலழகு, திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று சும்மாவா சொன்னார்கள். கூட்டத்துக்கு ஒரு வழி பண்ணிக்கொண்டு தேருக்கே அழைத்துப் போங்கள் என்பது என் கட்சி. முதல் வடம் பிடிக்கிற நேரத்தில் கீழவீதியில் நிற்க வேண்டாம், தேர் பாதிச் சுற்று வந்த பிறகு மத்தியான வெயிலுக்குக் கூட்டம் கொஞ்சம் கலையும், அப்போது ஒரு கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம். கடைக்காரர்கள் கேட்டால் கொடுப்பார்கள், வயதானவர்களை அன்றைக்கு யாரும் விரட்டுவதில்லை.

கோயிலுக்குள் போனால் நீலோத்பலாம்பாள் சன்னிதியைத் தவறவிடாதீர்கள். எல்லோரும் கமலாம்பாளைத்தான் தேடிப் போவார்கள், யோகத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிற அம்பாள், முத்துசுவாமி தீட்சிதர் நவாவரணக் கீர்த்தனை பாடியது இவர் மேல்தான், கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் நீலோத்பலாம்பாள் பக்கத்தில் ஒரு தோழி நிற்பாள், அவள் தோளில் குழந்தை முருகன். அம்பாள் ஒரு கையை நீட்டிக் குழந்தையின் தலையைத் தொட்டுக்கொண்டிருப்பாள். அவசரத்தில் போகிறவர்கள் கண்ணில் படாது. பேரன் பேத்தி எடுத்த உங்கள் அம்மா அங்கிருந்து நகர மாட்டார்.


கோவைக்காரன்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. பரவையார்தெரு எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொன் எடுத்த பதிகத்தை அங்கேயே பாட ஆரம்பித்துவிட்டார், சமையல் அரை மணி நேரம் லேட்.

நிலாச்சோறு சொல்வது மனசுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் முட்டியைப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது. இப்போது அம்மாவே ஒரு வழி சொல்கிறார். மார்கழித் திருவாதிரைக்குப் போய்ப் பாத தரிசனம் பார்த்துவிடலாம், வெயிலும் இருக்காது, தேரைத்தான் நிலையில் நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாமே என்கிறார். இது சரியா வருமா? அதோடு அந்த ஏழு விடங்கத் தலத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று ஒரு வண்டிக்காரர் சொல்கிறார். முடியுமா?


நாகைவண்டி:

நானும் வண்டிக்காரன்தான், அதனால் சொல்கிறேன், ஏழும் ஒரே நாளில் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். ஓட்ட முடியும், தரிசனம்தான் முடியாது. இந்தப் பக்கத்துக் கோயில்களில் பகல் 12 மணிக்கு நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அதிலும் சின்ன ஊர்களில் குருக்கள் ஒருவரே இரண்டு மூன்று கோயில் பார்ப்பார், சொல்லி வைக்காமல் போனால் பூட்டைத்தான் கும்பிட வேண்டும்.

இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காலை திருநள்ளாறு, அப்புறம் நாகப்பட்டினம் காயாரோகணேசுவரர், சாயரட்சைக்குத் திருவாரூர். திருநள்ளாற்றுக்கு மட்டும் சனிக்கிழமை வேண்டாம். எல்லோரும் சனீசுவரனைப் பார்க்க வருகிற கூட்டம், அங்கே நகவிடங்கர் இருக்கிறார் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. மறுநாள் தெற்கே கிளம்பினால் திருக்காரவாசல், திருக்குவளை, திருவாய்மூர், கடைசியில் வேதாரண்யம். திருக்குவளையும் திருவாய்மூரும் எட்டுக்குடிப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று கிட்டேயே இருக்கின்றன, இரண்டையும் பகலுக்குள் முடித்துவிடலாம். வேதாரண்யத்துக்குச் சாயங்காலம் போனால் போதும். அப்பர் பாடிக் கதவைத் திறந்து சம்பந்தர் பாடி மூடிய கோயில்.

ஏழு ஊரிலும் ஏழு விதமான நடனம் என்று கணக்கு. திருவாரூரில் மூச்சு என்றால், திருநள்ளாற்றில் பித்தன் ஆடுகிற மாதிரி, நாகையில் கடல் அலை, திருக்காரவாசலில் கோழி, திருக்குவளையில் வண்டு, திருவாய்மூரில் தாமரை அசைவது, வேதாரண்யத்தில் அன்னநடை. ஊரைப் பார்த்தால் பொருத்தம் புரியும், நாகைக்குக் கடல் அலை வைத்தவனுக்கு ஊர் தெரிந்திருக்கிறது.

அம்மா சுந்தரர் பக்தை என்றால் திருக்குவளையில் ஒரு விஷயம் இருக்கிறது. குண்டையூரில் மலை மாதிரி நெல் குவிந்து கிடக்கிறது, ஆரூருக்குக் கொண்டுபோக ஆள் இல்லை, சுந்தரர் கோளிலி சுவாமியிடம் பாடிக் கேட்கிறார், பூதங்கள் வந்து ராத்திரியோடு ராத்திரியாகப் பரவையார் வீட்டில் இறக்கிவிட்டுப் போகின்றன. அந்தக் கோளிலிதான் இன்றைக்குத் திருக்குவளை. குண்டையூரும் பக்கத்தில்தான், வண்டி போகும்.


ஆரூரான்:

திருவாதிரை நல்ல யோசனை, ஆனால் கூட்டம் இருக்காது என்று நினைக்காதீர்கள். பாத தரிசனம் அதிகாலையில், மகா அபிஷேகத்துக்குப் பிறகு. முந்தைய நாளே வந்து அறை எடுத்துவிட வேண்டும். நெல்லறுப்புக்கு முன்னால் வருகிற பனி இந்தப் பக்கம் நன்றாகவே இருக்கும், அம்மாவுக்குக் காதை மூட ஒரு துணியும் காலுக்கு சாக்ஸும் எடுத்து வாருங்கள், அந்த நேரத்தில் கல் தரை சில்லென்று ஏறி முட்டியைப் பிடிக்கும்.

நடப்பதற்கு: கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று ஊரில் சொல்வது மிகையில்லை, ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. கிழக்குக் கோபுரத்தில் இறங்கி எல்லாச் சன்னிதியும் சுற்றி மேற்கே கமலாலயத்துக்கு நடந்தால் அம்மா களைத்துவிடுவார். கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வண்டியிலேயே சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் குளத்தங்கரையில் இறங்குங்கள். படிக்கட்டில் பாசி இருக்கும், கீழே இறங்க விடாதீர்கள், மாற்றுரைத்த பிள்ளையாரைப் பார்க்கக் கரையே போதும்.

அன்றைக்குக் கூட்டத்தில் பாத தரிசனம் சரியாகக் கிடைக்காவிட்டால், ஊரை ஒட்டியே விளமல் இருக்கிறது. பதஞ்சலி மனோகரர் கோயில். பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் அஜபா நடனமும் பாதமும் கண்ட இடம் என்று ஐதீகம். அங்கே கூட்டமும் இல்லை, படியும் இல்லை, அம்மாவை உட்கார வைத்து எத்தனை பதிகம் வேண்டுமானாலும் பாடச் சொல்லலாம்.


கோவைக்காரன்:

சரி, திருவாதிரைதான் முடிவு. முந்தைய நாள் சாயரட்சைக்கு வந்து சேர்கிற மாதிரி ரயில் பார்க்கிறேன். விளமலையும் சேர்த்துக்கொண்டேன். திருக்குவளைக்கு மட்டும் குருக்களிடம் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும் என்றால் யாரைப் பிடிப்பது? நாகைவண்டி அண்ணன், தனிச்செய்தியில் வருகிறேன்.


நாகைவண்டி:

வாங்க, சொல்கிறேன். அம்மா மதியம் என்ன சாப்பிடுவார் என்பதையும் எழுதுங்கள், திருவாய்மூர்ப் பக்கம் ஹோட்டல் என்று எதையும் நம்பிப் போக முடியாது. புளிசோறு கட்டிக்கொள்வது உத்தமம்.